பலாலி விமானத் தளமும் எங்கள் ஊரும்



ஓர் ஊரின் வரலாற்றைச் சொல்லப் புகுவோர் பெரும்பாலும் அவ்வூர்க் கோயிலில் தொடங்குவர். அன்றேல் அதனை ஆண்ட அரசரில் தொடங்குவர். நானோ இன்று ஒரு விமானத் தளத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். விமானத் தளம் நேற்று வந்த பொருளன்றோ, அதற்கென்ன வரலாறு என்று உங்களுட் சிலர் எண்ணலாம். யாழ்ப்பாண நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழப் பத்து மைல் தொலைவில், வலிகாமம் வடக்கின் செம்மண் பூமியில் அமைந்திருக்கும் பலாலி விமானத் தளம் எண்பது ஆண்டுகளைக் கடந்துவிட்டது. இவ்வெண்பது ஆண்டுகளில் எங்கள் குடாநாடு கண்ட நன்மையும் தீமையும் அத்தளத்தோடு ஏதோ ஒரு வகையில் தொடர்புற்றே இருந்தன.

நான் 1959ஆம் ஆண்டில், அத்தளத்துக்குத் தெற்கேயுள்ள வசாவிளானிற் பிறந்தவன். பலாலி ஆசிரியர் கலாசாலையிற் பயிற்சி பெற்று, ஆசிரியனாகவும் அதிபராகவும் பணி செய்து ஓய்வு பெற்றவன். ஆதலால் இவ்வரலாற்றிற் சில பகுதிகளை நூல்கள் வாயிலாக அறிந்தேன். சில பகுதிகளை என் பேரனார் வாயிலாகக் கேட்டேன். எஞ்சியவற்றை நானே கண்டேன். மூன்றையும் சேர்த்தே உங்களுக்குக் கூறுகிறேன்.

முதலில், இவ்விடத்தை ஏன் தெரிந்தெடுத்தார்கள் என்று பார்ப்போம். பலாலி நிலம் மலையில்லாதது, ஆறில்லாதது, சமதரையானது. மேலே வளமான செம்மண். அதன் கீழே சிறிது ஆழத்திலேயே சுண்ணாம்புக் கற்பாறை. பாரமான விமானம் வந்து இறங்கும் தரைக்கு இத்தகைய உறுதியான அடித்தளம் வேண்டும். அருகே காங்கேசன்துறைத் துறைமுகம் இருந்தது. புகையிரதப் பாதையின் வடமுனையும் அங்கேயே இருந்தது. எண்ணெயும் தளவாடமும் கொண்டுவருவதற்கு இதனிலும் வசதியான இடம் குடாநாட்டில் இல்லை.

இன்னொரு செய்தியையும் கவனியுங்கள். அவ்வோடுபாதை வடகிழக்குக்கும் தென்மேற்குக்கும் இடையே கிடக்கிறது. விமானம் காற்றை எதிர்த்தே எழ வேண்டும். காற்றை எதிர்த்தே இறங்க வேண்டும். எங்கள் நாட்டில் ஆண்டின் ஒரு பகுதியில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வீசும். மறு பகுதியில் சோளகம் தென்மேற்கிலிருந்து வீசும். எங்கள் மீனவர் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்த அவ்விரு காற்றுகளின் வழியே அந்தப் பாதையும் அமைந்திருப்பதைக் காணலாம்.

அதனை அமைத்த காலம் இரண்டாம் உலகப் போர்க் காலம். 1942 பெப்புருவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் யப்பானியரிடம் வீழ்ந்தது. அதே ஆண்டு ஏப்பிரல் 5ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பின் மீது குண்டுகள் விழுந்தன. நான்கு நாட்களின் பின் திருகோணமலை தாக்கப்பட்டது. கிழக்கே பரந்து கிடந்த வங்காள விரிகுடாவைக் காவல் செய்ய வேண்டிய கடமை இலங்கைத் தீவின்மீது வந்தது. அக்காரணத்தால் பிரித்தானிய விமானப்படையினர் இத்தீவின் பல பாகங்களில் தளங்கள் அமைத்தனர். பலாலியில் எழுந்த தளத்துக்கு அவர்கள் காங்கேசன்துறை என்றே பெயரிட்டனர். 1944, 1945ஆம் ஆண்டுகளில் நான்கு இயந்திரங்களைக் கொண்ட லிபரேற்றர் என்னும் பெரிய விமானங்கள் இங்கிருந்து கடல்மேல் நெடுந்தூரம் சென்று வேவு பார்த்து மீண்டன.

இவை நூல்களில் உள்ளன. என் பேரனார் சொன்ன கதை நூல்களில் இல்லை. எங்கள் குடும்பத்துக்கு ஆலடித்தறை என்ற பெயரில் பத்துப் பரப்புத் தோட்டம் இருந்தது. யுத்த காலத்தில் ஒரு நாட்காலை, சங்கிலியும் முளைகளும் கொண்டு சிலர் அங்கே வந்தார்களாம். வெங்காயம் நட்டு மூன்று வாரமே ஆகியிருந்தது. அவர்கள் பாத்திகளுக்குக் குறுக்கே சங்கிலியைப் பிடித்து அளந்தார்கள். “அப்பு, இந்த முளைக்கு அங்காலே இனி நீர் இறைக்க வேண்டாம்” என்று வந்தவர்களுள் தமிழ் அறிந்த ஒருவர் சொன்னாராம். பத்துப் பரப்பில் நாலு பரப்பு முளைக்கு அப்பாற் போயிற்று. சில வாரங்களின் பின் என் பேரனாரே நாட்கூலிக்குச் சென்று, மாட்டுவண்டியிற் கல் ஏற்றிவந்து அந்த நிலத்திலேயே பரப்பினார். “தோட்டத்திலே கல்லுப் பொறுக்கி எறிந்த கையாலே தோட்டத்துக்குக் கல்லுப் போட்டேன்” என்று அவர் கூறுவதை நான் சிறு பிள்ளையாயிருந்தபோது பலமுறை கேட்டிருக்கிறேன். அவர் அதனைக் கோபத்தோடு கூறியதில்லை. ஆயினும் அதனைக் கூறும்போதெல்லாம் தமது கைகளையே பார்த்துக்கொள்வார்.

யுத்தம் முடிந்தது. போருக்கென்று வந்த தளம் குடிமக்களுக்குப் பயன்படும் காலம் வந்தது. 1947 டிசெம்பர் 10ஆம் நாள், நாடு சுதந்திரம் பெறுவதற்கு இரண்டு மாதங்கள் இருக்கையில், எயர் சிலோன் நிறுவனத்தின் முதலாவது சேவை தொடங்கியது. இரத்மலானையிற் புறப்பட்ட டக்கோட்டா விமானம் பலாலியில் இறங்கி, மீண்டும் எழுந்து, சென்னைக்குச் சென்றது. அந்நிறுவனத்தின் முதல் வான்சேவை எங்கள் ஊர் வழியாகவே வெளிநாடு சென்றது என்பதை மாணவர்கள் மனத்திற் கொள்ள வேண்டும்.

அது எவ்வளவு பெரிய மாறுதல் என்பதை அறிய வேண்டுமாயின் முன்னைய வழியை நோக்க வேண்டும். யாழ்ப்பாணத்தார் ஒருவர் சென்னைக்குப் போவதானால், முதலிற் புகையிரதத்தில் தெற்கு நோக்கி மதவாச்சி வரை செல்வார். அங்கிருந்து வேறொரு பாதையில் தலைமன்னாருக்குத் திரும்புவார். கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்குவார். பின்னர் மறுபடி புகையிரதம் ஏறுவார். வடக்கேயுள்ள ஊரை அடையத் தெற்கு நோக்கிப் பயணந் தொடங்க வேண்டியிருந்தது! காங்கேசன்துறைக் கரைக்கும் கோடிக்கரைக்கும் இடையே நாற்பது மைலுக்கும் குறைந்த கடலே உள்ளது. அக்குறுகிய தூரத்தை விமானம் மீட்டுக் கொடுத்தது. 1964 டிசெம்பரில் வீசிய பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்தபோது பழைய வழி தடைப்பட்டது; வான்வழியின் அருமை மேலும் விளங்கியது.

என் இளமைக்கால நினைவுகள் இங்கேதான் தொடங்குகின்றன. டக்கோட்டா விமானத்தின் வாற்பகுதி தரையோடு தாழ்ந்திருக்கும். அதிலேறியவர்கள் மேட்டில் ஏறுவதுபோல் நடந்துபோய் ஆசனத்தில் அமர வேண்டும் என்று போய்வந்தோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். 1964ஆம் ஆண்டில் எயர் சிலோன் அவ்ரோ விமானத்தை வாங்கியது. அதன் ஓசை வேறு. மெல்லிய கீச்சென்ற ஒலி முன்னே வரும், முழக்கம் பின்னே வரும். எங்கள் வீட்டில் மணிக்கூடு இருந்தது. ஆனால் ஆச்சி அதைப் பார்ப்பதில்லை. விமானம் வந்தால் உலை வைக்கும் நேரம் என்பது அவர் கணக்கு. ஐயா துலாவில் நீர் இறைத்துக்கொண்டிருக்கையில் ஓசை கேட்டால், நாங்கள் வாய்க்கால் வரம்பில் ஓடி, தென்னைகளுக்கு மேலாக அது தாழ்ந்து வருவதைக் கண்டு கை காட்டுவோம். உள்ளே இருப்பவர்கள் எங்களைக் காண்கிறார்கள் என்பதில் எங்களுக்கு ஐயமே இருந்ததில்லை.

கல்யாணக் கூறை எடுக்கச் சென்னைக்குப் போனவர்கள், தலயாத்திரை போனவர்கள், படிக்கப் போன பிள்ளைகள் என்று பலர் எங்கள் ஒழுங்கையைக் கடந்தே சென்றார்கள். ஒருவரை வழியனுப்ப ஒரு வான் நிறையச் சனம் வரும். முள்ளுக்கம்பி வேலியோரத்தில் நின்று அவர்கள் அழுவதும் சிரிப்பதும் எங்களுக்குத் திருவிழாப்போல் இருக்கும். வேலி அன்றும் இருந்தது. ஆனால் அது மாடுகள் ஓடுபாதையில் ஏறாமலிருப்பதற்கான வேலி. எங்களுக்கும் நிலத்துக்கும் இடையே நின்ற வேலியன்று.

1978 செப்டெம்பர் 7ஆம் நாள் அந்தக் காலத்தின் முடிவைக் காட்டிற்று. பலாலியிலிருந்து சென்ற அவ்ரோ விமானம் இரத்மலானையில் பயணிகளை இறக்கியபின், தரையில் நிற்கையிலேயே குண்டுவெடித்து அழிந்தது. உயிர்கள் தப்பின. நாங்கள் பிள்ளைப் பருவத்திற் கை காட்டிய அதே விமானம் அது. அதன் பின் எயர் சிலோன் நிறுவனமும் முடிவுற்று, 1979இல் எயர் லங்கா தோன்றியது. எண்பதுகளில் நான் ஆசிரியர் கலாசாலையிற் பயின்றபோது, விமான ஓசை எழுந்தால் விரிவுரையாளர் பேச்சை நிறுத்துவார். ஓசை அடங்கியபின் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். ஆனால் நாளுக்கு நாள் அந்த இடைநிறுத்தங்கள் மிகுந்தன. வந்தவை பயணிகள் விமானங்களாக இருந்தது குறைந்து, போர் விமானங்களாக இருந்தது கூடியது. 1987 யூலை இறுதியில் இந்திய அமைதி காக்கும் படை வந்திறங்கிய வாயில்களுள் பலாலியும் ஒன்று. 1990 மார்ச்சில் அப்படை நாடு திரும்பியது.

அவ்வாண்டு யூன் மாதத்தில் மீண்டும் போர் மூண்டது. பலாலி, மயிலிட்டி, வசாவிளான், கட்டுவன், குரும்பசிட்டி முதலிய ஊர்களின் மக்கள் கையில் எடுத்ததை எடுத்துக்கொண்டு தெற்கே நடந்தார்கள். எங்கள் ஆசிரியர் கலாசாலையும் இடம்பெயர்ந்தது. இரண்டு வாரத்தில் திரும்பலாம் என்று எண்ணி, ஆச்சி வீட்டுத் திறப்பை மடியில் முடிந்துகொண்டார். வெட்டிய புகையிலை கொட்டிலில் தொங்கியபடியே இருந்தது. எங்கள் குடும்பம் ஏழு மைலுக்கு அப்பாலுள்ள உறவினர் வீட்டில் ஒதுங்கியது. அந்த ஏழு மைல் இருபத்தெட்டு ஆண்டுகள் நீண்டது.

மாணவர்களே, ஓர் ஓசையின் பொருள் ஒரு தலைமுறைக்குள் எவ்வாறு மாறக்கூடும் என்பதைக் கேளுங்கள். விமான ஓசை கேட்டதும் நான் என் பிள்ளைப் பருவத்தில் வீட்டைவிட்டு வெளியே ஓடினேன். அதே ஓசை கேட்டதும் என் பிள்ளைகள் பதுங்குகுழிக்குள் ஓடினார்கள். என் மூத்த மகனுக்கு ஐந்து வயதான போது, “ஐயா, விமானத்திலே ஆட்களும் போவார்களா?” என்று கேட்டான். நான் ஆசிரியன், ஆயினும் அவன் கேள்விக்கு உடனே விடை சொல்ல என்னால் இயலவில்லை.

1998ஆம் ஆண்டின் முற்பகுதியில், க.பொ.த. சாதாரண தர விடைத்தாள்களைத் திருத்தும் பணிக்காக நான் கொழும்புக்குப் போக நேர்ந்தது. தரைவழி அடைபட்டிருந்தது. கடல்வழியோ வான்வழியோதான் கதி. நகரத்திற் பயணிகளைச் சோதித்து ஒரு பேருந்தில் ஏற்றினார்கள். அதன் யன்னல்கள் மூடப்பட்டிருந்தன. வண்டி வடக்கு நோக்கி ஓடியது. வெளியே ஒன்றும் தெரியவில்லை. ஆனால் ஒரு வளைவில் வண்டி இடப்புறம் சாய்ந்து, பின் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அந்தப் பள்ளத்தை என் உடம்பு அறிந்திருந்தது. துவிச்சக்கர வண்டியில் ஆயிரம் முறை அதில் இறங்கி ஏறியிருக்கிறேன். அடுத்தது பிள்ளையார் கோயில், அடுத்தது சங்கக் கடை, அடுத்தது எங்கள் ஒழுங்கை என்று மனத்துக்குள் எண்ணினேன். எங்கள் வீட்டு வாசலைக் கண்ணை மூடிக்கொண்டு கடப்பதுபோல அன்று கடந்தேன். என் பக்கத்தில் இருந்த முதியவரும் உதடசைத்து எதனையோ எண்ணிக்கொண்டிருந்தார். நாங்கள் ஒருவரோடொருவர் பேசவில்லை.

அதுவே என் முதலாவது விமானப் பயணம். விமானத்தின் இறக்கைகள் மேலே அமைந்திருந்தமையாற் கீழே பார்ப்பதற்குத் தடையில்லை; ஆனால் யன்னல் மறைப்பை இறக்கிவிடும்படி கூறியிருந்தார்கள். என் யன்னலின் மறைப்பு முழுவதும் இறங்க மறுத்தது. நாலு விரல் அளவு இடைவெளி இருந்தது. விமானம் எழுந்து சரிந்து திரும்பியபோது அவ்விடைவெளியில் எங்கள் ஊர் தெரிந்தது. கூரைகள் இல்லை. தோட்டங்கள் இருந்த இடத்தில் பற்றை மூடியிருந்தது. கிணறுகள் மட்டும் வட்ட வட்டமாய்த் தெரிந்தன. எது எங்கள் கிணறு என்று கண்டறிவதற்குள் கடல் வந்துவிட்டது. சிறு வயதிற் கை காட்டிய பிள்ளைகளை மேலிருந்தவர்கள் கண்டிருக்க முடியுமா என்ற ஐயம் அன்றுதான் எனக்கு முதன்முதல் எழுந்தது.

அதே ஆண்டு செப்டெம்பர் 29ஆம் நாள், பலாலியிலிருந்து புறப்பட்ட லயன் எயர் நிறுவனத்தின் அன்ரனோவ் விமானம் மன்னார்ப் பக்கக் கடலில் வீழ்ந்தது. அது சுட்டு வீழ்த்தப்பட்டது. 55 பேர் மாண்டனர். தொழிலுக்கும் வைத்தியத்துக்கும் உறவினரைக் காண்பதற்கும் சென்றவர்கள் அவ்விமானங்களில் ஏறினார்கள். வேறு வழியில்லாமையால் ஏறினார்கள். 2002இல் ஏ-9 நெடுஞ்சாலை திறந்தது. 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடிற்று. வானும் கடலுமே மறுபடி வழியாயின. 2009 மே மாதத்திற் போர் முடிந்தது.

அதன் பின்னரும் எங்கள் நிலம் உடனே திரும்பவில்லை. வலிகாமம் வடக்கில் ஆறாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட காணி வேலிக்குள் இருந்தது. ஆண்டுக்கு ஆண்டு வேலி சிறிது சிறிதாகப் பின்வாங்கியது. 2017 யூலையில் மயிலிட்டித் துறைமுகம் மக்களிடம் வந்தது. எங்கள் வீட்டு வளவு 2018இல் வந்தது. நான் போய்ப் பார்த்தபோது வீட்டின் அத்திவாரமும் கிணறும் இருந்தன. ஆச்சி மடியில் முடிந்த திறப்பு என் கையில் இருந்தது. அதனைப் போடுவதற்குக் கதவு இல்லை. ஆலடித்தறையில் எஞ்சிய ஆறு பரப்பும் அன்று வேலிக்கு அப்பாலேயே இருந்தது. பேரனார் காலத்து முளையைக் காட்டிலும் இந்த வேலி எங்கள் பக்கம் நெடுந்தூரம் வந்திருந்தது.

2019 ஒக்டோபர் 17ஆம் நாள் அத்தளம் யாழ்ப்பாணச் சர்வதேச விமான நிலையமாகத் திறந்து வைக்கப்பட்டது. நவம்பரில் சென்னைச் சேவை ஆரம்பமாயிற்று. 2020 மார்ச்சில் கொள்ளைநோய் காரணமாக அது நின்றது. 2022 டிசெம்பர் 12ஆம் நாள் மீண்டும் தொடங்கியது. ஒரு மாலை நேரம் என் பேர்த்தி முற்றத்தில் நின்று, “அப்பப்பா, விமானம்!” என்று கூவிக் கை காட்டினாள். அவள் பதுங்குகுழிக்கு ஓடவில்லை. அந்த ஓசைக்குப் பழைய பொருள் திரும்பியது கண்டு நான் மகிழ்ந்தேன். அம்மகிழ்ச்சியை மறைப்பது நேர்மையாகாது. அதே வேளையில், அவ்விமானம் இறங்கும் தரையில் எங்கள் நாலு பரப்பும் இருக்கிறது என்பதை அவளுக்குச் சொல்லாமல் விடுவதும் நேர்மையாகாது.

ஆகவே மாணவர்களே, விமானத் தளம் ஒன்றின் வரலாற்றுக்கு இரண்டு ஏடுகள் உண்டு. ஒன்று, எந்த நாளில் எந்த விமானம் வந்தது என்று சொல்லும் ஏடு. மற்றது, அதன் கீழே கிடக்கும் மண்ணின் ஏடு. முதலாவது ஏட்டை மட்டும் படித்தவர், சென்னை எங்களுக்கு ஒரு மணி நேரத் தூரம் என்று பெருமைப்படுவார். இரண்டாவதையும் படித்தவர், ஏழு மைல் தூரத்தை நடந்து முடிக்க ஒரு குடும்பத்துக்கு இருபத்தெட்டு ஆண்டுகள் ஆயின என்பதையும் அறிவார். ஊருக்கு விமான நிலையம் வேண்டும். அதற்கு நிலமும் வேண்டும். ஆனால் நிலத்தைத் தந்தவர் யார், மனமொப்பித் தந்தனரா, அவருக்குக் கிடைத்தது என்ன என்று கேட்கும் பழக்கம் படித்தவர்களிடத்தே இருந்தால்தான் அவை நேர்மையாகக் கணக்கிடப்படும்.

முடிவாக, ஓய்வு பெற்ற ஆசிரியன் என்னும் உரிமையால் உங்களுக்கு ஒரு பயிற்சி தருகிறேன். எங்கள் நாட்டிற் காணித் துண்டு ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் உண்டு. உறுதிகளில் அப்பெயர்கள் இருக்கின்றன. மரத்தின் பெயரால், கிணற்றின் பெயரால், உழுதவரின் பெயரால் அமைந்த பெயர்கள் அவை. ஓடுபாதையின் கீழ்ப்போன காணிகளுக்கும் பெயர்கள் இருந்தன. அவற்றை அறிந்த முதியவர்கள் ஆண்டுதோறும் குறைந்து வருகிறார்கள். உங்கள் ஊரிலும் ஒரு விமான நிலையமோ, குளமோ, தொழிற்சாலையோ, பெருஞ்சாலையோ இருக்கும். இந்த விடுமுறையில் உங்கள் வீட்டு முதியவரிடம் ஒரு கொப்பியோடு சென்று அமருங்கள். அதன் கீழே போன நிலங்களின் பெயர்களைக் கேட்டு, ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதுங்கள். எழுதி முடித்தபின் அவரிடமே வாசித்துக் காட்டிப் பிழை திருத்துங்கள்.

என் பட்டியலை நான் முன்னரே தொடங்கிவிட்டேன். அதன் முதல் வரியில் ஆலடித்தறை என்று எழுதியிருக்கிறேன்.